பிள்ளை அழுகிறான் என்றால் பால் பத்தவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: வயது 26, முதல் பிரசவம், சிசேரியன். பையனுக்கு இன்று 35-ஆம் நாள். பிறக்கும்போது 2.9 கிலோ. 4-ஆம் நாள் 2.7, 22-ஆம் நாள் 3.25, இன்று 3.6. சாயங்காலம் 6 மணி முதல் 10 மணி வரை மார்பை விடமாட்டேன் என்கிறான், எடுத்தால் வீறிட்டு அழுகிறான். “உனக்குப் பால் பத்தலை” என்று அம்மா சொல்ல, 25-ஆம் நாளிலிருந்து ராத்திரி 7 மணிக்கும் 11 மணிக்கும் 60 மி.லி. பவுடர் பால் பாட்டிலில் கொடுக்கிறோம். இப்போது மார்பு தளர்ந்துவிட்டது, பம்ப் வைத்தால் 20 மி.லி.தான் வருகிறது. வலது காம்பில் வெடிப்பு, அவன் வாய் வைத்தாலே உயிர் போகிறது. வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? மூன்றரை மாதத்தில் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது இனி நடக்குமா?

பதில்: நடக்கும். நீங்கள் எழுதியிருக்கும் எடைக் கணக்கே அதற்குச் சாட்சி. முதல் நாட்களில் 200 கிராம் குறைந்தது, பிறந்த எடையில் 7 சதவீதம், அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். 4-ஆம் நாளிலிருந்து 22-ஆம் நாள் வரை 18 நாளில் 550 கிராம் ஏறியிருக்கிறான், ஒரு நாளைக்கு 30 கிராம். முதல் 3 மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் போதும். அப்போது வீட்டில் பவுடர் டப்பாவே இல்லை. அதன் பிறகு வந்த 13 நாளில் 350 கிராம், நாளுக்கு 27. அதாவது பவுடர் பால் சேர்த்ததால் எடை கூடுதலாக ஏறவில்லை. பாட்டிலில் குடித்த அளவுக்கு உங்களிடம் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்குப் பால் பத்தாமல் இருந்ததில்லை. பத்தாமல் போகும் வழியை அந்த இரண்டு பாட்டில்தான் திறந்துவிட்டிருக்கிறது. பிள்ளை உறிஞ்சி மார்பு காலியானால் அடுத்த பால் வேகமாகச் சுரக்கும், தேங்கி நின்றால் சுரப்பு அடங்கும். 11 மணி பாட்டிலுக்குப் பிறகு அவன் நான்கு மணி நேரம் தூங்குவான். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் ஊறும். அந்த நேரத்தில் உறிஞ்ச ஆளில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் சுரப்பு இறங்கத்தான் செய்யும்.

சாயங்கால அழுகை பசியால் மட்டும் வருவதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். பிள்ளைகள் அந்த நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை கேட்டுக் கேட்டுக் குடிப்பார்கள். கொடுங்கள். ஒரு பக்கம் உறிஞ்சல் மந்தமானால் மறுபக்கம் மாற்றுங்கள், பிறகு திரும்பவும் முதல் பக்கம். விளக்கைக் குறைத்து, சட்டையைக் கழற்றி உங்கள் நெஞ்சோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த நான்கு மணி நேரம் அடுப்பங்கரை வேலை உங்களுக்கு வேண்டாம், அதை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். அவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

5 வாரத்தில் மார்பு தளர்ந்து தெரிவதும் இயல்பே. முதல் நாட்களின் வீக்கம் வடிந்து, தேவைக்கு ஏற்பச் சுரக்கப் பழகிவிட்டது. பம்பில் வரும் 20 மி.லி.யை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிள்ளையின் வாய் எடுக்கிற அளவு பம்ப் எடுக்காது. குடித்து முடித்தபின் வைத்தால் மிச்சம்தான் வரும். பார்க்க வேண்டியவை இரண்டே: 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை வெளிர் நிறத்தில் சிறுநீர், வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை. டயப்பர் போட்டால் எண்ணிக்கை தெரியாது, இரண்டு நாள் துணி கட்டி எண்ணுங்கள்.

இனி வெடிப்பு. காம்பு வெடிப்பது அநேகமாகப் பிள்ளை காம்பை மட்டும் பிடிப்பதால். அடுத்த முறை வலது பக்கம் குடித்து விட்டவுடன் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. சாய்வாகச் சீவிய பென்சில் போல ஒரு பக்கம் தட்டையாகவோ, வெளுத்தோ இருந்தால் அவன் அதை அண்ணத்தில் வைத்து நசுக்குகிறான். அப்படிப் பிடித்தால் உங்களுக்கு வலி, அவனுக்குப் பால் குறைவு, மார்பில் தேக்கம், மூன்றும் சேர்ந்து வரும்.

சிசேரியன் தையலுக்கு மடியில் கிடத்துவதைவிடக் கையிடுக்கில் வைத்துக் கொடுப்பது சௌகரியம். வலது பக்கம் ஒரு தலையணை, அதன்மேல் பிள்ளை, அவன் கால் உங்கள் முதுகுப் பக்கம், உங்கள் வலது உள்ளங்கை அவன் பிடரியிலும் தோளிலும். தலையின் பின்பக்கத்தை அழுத்தக் கூடாது, அழுத்தினால் பின்னுக்குத் திமிறுவான். அவன் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறப்பான். அரைகுறையாகத் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். நன்றாகத் திறந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். சரியாகப் பிடித்தால் மோவாய் மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கும், கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அநேகமாகத் தெரியாது, கன்னம் குழியாது. சிறிது நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் அரை நிமிடத்துக்கு மேலும் வலி நீடித்தால் பிடிப்பு தவறு. அப்படியே இழுத்து எடுக்காமல், கழுவிய சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விட்டு எடுத்து, மறுபடி பிடிக்க வையுங்கள்.

வெடிப்பு ஆறும்வரை இடது பக்கத்தில் தொடங்குங்கள். குடித்து முடித்தபின் இரண்டு சொட்டுப் பாலைக் காம்பில் தடவி உலரவிடுங்கள். சோப்பு, மஞ்சள், எண்ணெய் வேண்டாம். அதிகம் வலித்தால் ஓரிரு நாள் அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொடுக்கலாம், தேக்கி மட்டும் வைக்காதீர்கள். பிடிப்பைத் திருத்தியும் எரிச்சல் நீடித்து, பிள்ளையின் நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்று. இருவருக்கும் மருந்து வேண்டும்.

பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை 30 மி.லி. குறையுங்கள்: 120, 90, 60, 30, பிறகு இல்லை. முதலில் 11 மணிப் பாலைக் குறைத்து, அங்கே இரண்டு மார்பையும் கொடுங்கள். கொடுக்கிற வரைக்கும் பாட்டில் இல்லாமல் பாலாடையில் கொடுங்கள். ராத்திரி ஒருமுறையாவது அவனாக எழாவிட்டாலும் எடுத்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 8 முதல் 12 தடவை வர வேண்டும்.

தண்ணீர் வேண்டாம், கத்திரி வெயிலானாலும். தாய்ப்பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான். இரண்டு பாலாடை வெந்நீர் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தைப் பிடிக்கும், கிருமிக்கும் வழி. கிரைப் வாட்டர், உரை மருந்து, சேனை, தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில். தேனில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயின் வித்து இருக்கக்கூடும், ஒரு வயது வரை தொடக் கூடாது. வைட்டமின் டி சொட்டு மட்டும் தினம் 400 யூனிட் கொடுங்கள், அது ‘தாய்ப்பால் மட்டும்’ என்பதைக் கெடுக்காது.

உங்களுக்குப் பத்தியம் வேண்டாம். வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. பூண்டு, முருங்கைக்கீரை, பால் சுறா எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் பிள்ளை உறிஞ்சாமல் எந்தச் சாப்பாடும் பாலைக் கூட்டாது. தாகத்துக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விடுங்கள்.

வேலை விஷயம்: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை, 2017 முதல். எழுத்தில் கேளுங்கள். வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பால் பீச்சிப் பழகுங்கள். பீச்சிய பால் நிழலில் 4 மணி நேரம் தாங்கும், ஃபிரிஜ்ஜில் உள்பக்கம் ஒரு நாள். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் அதற்கு மேல் வைக்க வேண்டாம். காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றுங்கள்.

உண்மையிலேயே பால் குறைவது உண்டு: தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்குவது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, பிள்ளைக்கு நாக்குக் கட்டு (நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகி நாக்கை எழவிடாமல் பிடிப்பது). சிறுநீர் 6-க்குக் கீழே போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மார்பில் சிவந்து வலித்து உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் போங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாமல்.

இன்னும் ஒரு வாரத்தில் 6 வாரத் தடுப்பூசி வருகிறது. அன்று எடை 3.74 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் மிச்சமிருக்கும் பவுடரையும் நிறுத்திவிடலாம். குறைந்திருந்தால் பவுடரை மேலும் குறைக்காமல் அதே அளவில் வைத்து, அங்கேயே மருத்துவர் முன் ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுங்கள். அவன் நாக்கைத் தூக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள்.