5 மாதக் குழந்தைக்குக் காது குத்துவது எங்கே பாதுகாப்பு: கோயிலில் ஆசாரியிடமா, நகைக்கடையில் கன் மூலமா, மருத்துவரிடமா?

குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வைத்திருக்கிறீர்கள். மாமியார் ஆசாரியிடம் குத்தச் சொல்கிறார், கணவர் நகைக்கடையில் கன் (துப்பாக்கி போன்ற காதுகுத்தும் கருவி) வைத்துக் குத்திவிடலாம் என்கிறார். இந்த மூன்றில் முதலில் தள்ள வேண்டியது கன்னைத்தான்.

ஊசி சதையை வெட்டி வழி உண்டாக்கும். கன், மழுங்கலான தோட்டுத் தண்டையே ஸ்பிரிங் விசையில் அடித்து இறக்குவதால் சதை நசுங்கும், வீக்கமும் கூடும். அதன் பிளாஸ்டிக் உடலை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க முடியாது. ஸ்பிரிட் பஞ்சால் மேலாகத் துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது. பின்னால் மாட்டும் பட்டாம்பூச்சிப் பிடி காதின் கீழ்மடலை இறுக்கி அழுக்கையும் சேர்க்கும்.

வயதைப் பொறுத்தவரை 5 மாதம் பரவாயில்லை. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி இரண்டும் அடக்கம். மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும். 3 மாதத்துக்கு முன் குத்த வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காதில் சீழ் வைப்பதுகூட அங்கே பெரிய விஷயமாகிவிடும். 1 முதல் 3 வயதுதான் மிகவும் சிரமமான காலம், கை சதா காதிலேயே இருக்கும். அவசரமில்லை என்றால் குழந்தை தானே பார்த்துக்கொள்ளும் வயதுவரை காத்திருப்பது இன்னும் நல்லது. காய்ச்சல், மடலில் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய், இதயக் குறைபாடு, ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் குத்தாதீர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ குழந்தை மருத்துவரோ, யார் குத்தினாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரே நின்று இரு காதையும் ஒப்பிட்டுப் புள்ளி வைக்க வேண்டும். படுத்திருந்தால் மடல் நகர்ந்து ஏற்ற இறக்கமாகிவிடும். புள்ளி மடலின் நடுவில், அல்லது ஒரு மயிரிழை மேலே. கீழே குத்தினால் பிற்காலத்தில் ஜிமிக்கி கனத்தில் ஓட்டை இழுபட்டு மடலே கிழியும். மரத்துப்போகும் களிம்பு (லிடோகேயின் 2.5%, பிரிலோகேயின் 2.5%) மடலுக்கு அரை கிராம் போதும். தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, 1 மணி நேரம் கழித்துத் துடைக்க வேண்டும். 3 முதல் 12 மாதக் குழந்தை 5 கிலோவுக்கு மேல் இருந்தாலும் மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. சல்ஃபா மருந்து சாப்பிடும் குழந்தைக்குப் போடவே கூடாது. அந்த 1 மணி நேரமும் குழந்தையின் விரல் காதுக்கும் வாய்க்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறையும். கிருமிநாசினி செவித்துளைக்குள் வடியாமல் பஞ்சு அடைத்து, அது காய்ந்த பிறகு, கண்ணெதிரே உறை பிரித்த 18 அல்லது 20 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசியால் மடலுக்குச் செங்குத்தாகக் குத்தி, ஊசியின் பின்னாலேயே தோட்டை நுழைப்பார்கள்.

பெற்றோர் அதிகம் கோட்டைவிடுவது தோட்டில்தான். 916 ஹால்மார்க் தங்கம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், மருத்துவத் தர டைட்டானியம் அதைவிட நல்லது. கவரிங்கும் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமும் வேண்டாம். ஆனால் உலோகத்தைவிடத் தண்டின் நீளம் முக்கியம். குழந்தைத் தோடு என்று கடையில் கொடுப்பதில் தண்டு குட்டையாக இருக்கும். இரண்டாம் நாள் மடல் வீங்கும்போது திருகு சதைக்குள் புதைந்து, கீறி எடுக்கும் நிலை வரும். திருகு மாட்டிய பிறகும் 2 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். தண்டில் மரை ஓடினால் அது புதுப் புண்ணை அராவும் என்பதால் முதல் தோட்டின் தண்டு வழவழப்பாக இருக்கட்டும். திருகு தட்டையாக, எளிதில் கழலாததாக இருக்கட்டும். கழன்ற திருகு குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

ஆசாரி போடும் தங்கக் கம்பி வளையத்தில் உண்மையில் ஒரு நன்மை உண்டு: திருகு கிடையாது, இறுக்காது, வீக்கத்துக்கு இடம் விடும். குறை சுத்தத்தில்தான். தீயில் காட்டுவதும் வெந்நீரில் போடுவதும் போதாது. கம்பியை முன்கூட்டியே வாங்கி, மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் செய்து, உறை பிரிக்காமல் கொண்டுபோகலாம். என்னைக் கேட்டால், விசேஷத்துக்கு 8 வாரம் முன்பே மருத்துவரிடம் குத்திவிட்டு, கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் புதுத் தோடு போடுங்கள். சடங்கும் குறையாது, மொட்டைத் தலையில் பூசும் சந்தனமும் வெட்டிய முடியும் பச்சைப் புண்ணில் இறங்காது.

பிறகு 6 முதல் 8 வாரம் கழற்றக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9% நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து, கை கழுவிவிட்டு, தினம் இரண்டு வேளை முன்னும் பின்னும் துடைத்து உலரவிடுங்கள். தோட்டைத் திருகித் திருகி விடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். உள்ளே வளரும் புதுத் தோல் ஒவ்வொரு முறையும் கிழியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். ஓட்டை தூராமலிருக்க வேப்பங்குச்சியோ துடைப்பக்குச்சியோ செருகவே கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பும், காய்ந்து ஒட்டும் வெளிர் நீரும் இயல்பு. அதன் பிறகு வீக்கம் கூடினாலோ, பச்சை மஞ்சள் சீழ், காய்ச்சல் வந்தாலோ, திருகு கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் பிடித்தது என்று வீட்டிலேயே தோட்டைக் கழற்றினால் ஓட்டை மூடி, சீழ் உள்ளேயே தங்கும். சீழில்லாமல் இரண்டு காதும் ஒரேபோல அரித்து நீர் கசிந்தால் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை.

பெரியவர்கள் காதின் மேல்புறக் குருத்தெலும்பில் குத்துவது வேறு கணக்கு. அதற்கெனத் தனி ரத்த ஓட்டம் இல்லை, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. ஆறவே பல மாதம் ஆகும், சூடோமோனாஸ் கிருமி பிடித்தால் காதே சுருங்கிவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு, ஒரே நகைக்கடையில் மேல்காதில் கன்னால் குத்திக்கொண்ட 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. கிருமிநாசினி தெளித்த புட்டியிலேயே கிருமி இருந்திருக்கிறது. மேல்காது சிவந்து வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு என்ற தழும்புக் கட்டி இருந்தால் காது குத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். 11 வயதுக்கு மேல் குத்துபவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு குத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. மடல் கிழிந்து தையல் போட்டவர்கள் 3 மாதமாவது பொறுத்து, தழும்பின் மேலல்லாமல் அதன் பக்கத்தில் குத்திக்கொள்ளலாம்.