செடித் தொட்டி: கேட்டதும் சொன்னதும்

மீன் தொட்டியில் செடி வளர்ப்பது பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தாம்பரம்: அண்ணா, இரண்டடி தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை செடி வைத்து, அன்றைக்கே பத்து நியான் டெட்ராவும் விட்டேன். வியாழனுக்குள் ஏழு போய்விட்டது. தண்ணீர் பளிச்சென்று தெளிவாகத்தான் இருக்கிறது. கடையில் மருந்து போடச் சொல்கிறார்கள்.

மருந்து வேண்டாம் தம்பி. புதுத் தொட்டியில் நாலு நாளில் இப்படி வரிசையாகப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்மோனியாவைத்தான். அதற்கு நிறம் கிடையாது, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். மீனின் செவுள் வழியாக வெளியேறுவது, தின்னாமல் கிடக்கும் தீனி, அழுகும் இலை எல்லாமே அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். காரத்தன்மை கூடுதலான போர்வெல் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினாலே அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை மறக்காதீர்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் இப்படி மாற்றுங்கள். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை போதும். தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால், அங்கிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் சொருகுங்கள். பல வாரக் காத்திருப்பை அது குறைத்துவிடும். ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், ஹைக்ரோஃபிலா மாதிரி வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக வையுங்கள், அவை அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு அடுத்த மீன். அதுவும் நாலைந்து மட்டும். செடி முதலில், மீன் கடைசியில். இந்த ஒன்றை எல்லோரும் பிடித்துக்கொண்டால் கடைகளிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சாகிற மீன்களில் பெரும்பகுதி பிழைத்துவிடும்.

ஈரோடு: செடித் தொட்டிக்கென்றே விற்கிற அக்வா சாயில் மண்ணின் விலை கட்டுப்படியாகவில்லை. செம்மண் போடலாமா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமா?

தாராளமாகப் போடலாம். உரமோ சாணமோ கலக்காத செம்மண்ணாக இருக்க வேண்டும். சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேலே மிதப்பதை எல்லாம் சில தடவை வடித்துவிட்டு, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அதன்மேல் ஒன்றரை அங்குலம் ஆற்று மணல். மணலை முதலில் சோதியுங்கள்: ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வந்தால் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும். எம்-சாண்ட் வேண்டாம், தூள் அதிகம், முனையும் கூர்மை. மண் போட்ட தொட்டியில் செடியை அடிக்கடி பிடுங்கி இடம் மாற்றாதீர்கள், கலங்கினால் தெளிய நாளாகும்.

சிலிண்டர் கட்டாயமில்லை. தரையில் புல்விரிப்பு வேண்டும், செடி நல்ல சிவப்பாக வேண்டும் என்றால்தான் அது தேவை. வைத்தால் 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) தாண்டாமல், விளக்கு போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, விளக்கை அணைக்கும்போது மூடுங்கள். பாட்டிலில் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் புளிக்கவைத்து இந்த வாயுவை எடுக்கும் முறையை நான் சிபாரிசு செய்வதில்லை. வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி வாயு வரும், அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பாசி பிடிக்கும்.

கோயம்புத்தூர்: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். ஆனால் நத்தை ஓடு வெள்ளையாக அரிக்கிறது, கப்பி மீன் ஒவ்வொன்றாக நலிகிறது. நல்ல தண்ணீரில் ஏன் இப்படி?

அந்தத் தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு. குடிக்க அருமை, கப்பிக்கும் நத்தைக்கும் போதாது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரிலுள்ள கார்பனேட்டையும் தின்றுகொண்டே வரும். கையிருப்பு குறைவான தண்ணீரில் பி.எச். சட்டென்று இறங்கிவிடும். கிளிஞ்சலைக் கழுவி, ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். தண்ணீர் புளிப்பேறும்போது அதிகமாகவும், பி.எச். ஏறியதும் மெதுவாகவும் கரையும். மக்னீசியத்துக்கு எப்சம் சால்ட், 100 லிட்டருக்கு 5 கிராம் வரை போதும், மாற்றும் தண்ணீருக்கும் அதே கணக்கில். ஆனால் என்னைக் கேட்டால், தண்ணீரின் தன்மையை மாற்றுவதைவிட மீன் வகையை மாற்றுவது நல்லது. டெட்ராவும் ரஸ்போராவும் உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தவை. கப்பியையும் மோலியையும் சென்னைப் போர்வெல்காரர்களுக்கு விட்டுவிடுங்கள், அவர்களிடம் அவை தளதளவென்று இருக்கும்.

மதுரை: சார், மே மாதம் தொட்டி 33 டிகிரி தொடுகிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. சில்லர் வாங்க முடியாது.

சில்லர் வேண்டாம் சார். சின்ன மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் காற்றுப் படும்படி வையுங்கள், மூடியைத் திறந்துவிடுங்கள். மதுரை மாதிரி வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் அந்த அளவு இறங்காது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு தங்கித் தங்கி டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, ஏறும்.

காலையில் வாய் திறப்பதற்குக் காரணம் ஆக்சிஜன். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்கும், 33-ல் 7 சொச்சம்தான். இரவில் செடியும் சேர்ந்து அதையே இழுக்கும். அதனால் விளக்கு அணைந்ததிலிருந்து விடியும்வரை ஏர் பம்ப் ஓடட்டும். பேட்டரி பம்ப் ஒன்றும் வைத்திருங்கள், கரண்ட் போனால் காப்பாற்றும். ஐஸ் கட்டி போடாதீர்கள். அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடக் கெடுதல். கோடையில் வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, அனுபியாஸ் தாங்கும்.

திருச்சி: கிரிப்டோகோரைன் நட்ட பத்தே நாளில் கூழாகிவிட்டது. பிடுங்கிவிடவா?

பிடுங்காதீர்கள்! தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடி தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலையை உதிர்க்கும். அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுங்கள். வேர் கெட்டியாக இருந்தால் மூன்று நாலு வாரத்தில் புதுக் குருத்து வரும். கிரிப்டோகோரைனில் நாம் அதிகம் வாங்குகிற ‘வென்ட்டீ’ வகை இலங்கை ஓடைகளிலிருந்து வந்த செடி, நம் வெக்கைக்கு நன்றாகவே பழகும். அனுபியாஸ் வைத்திருந்தால் அதன் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்காதீர்கள். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

பெரம்பூர்: இலை ஓரமெல்லாம் கறுப்பாக முடி மாதிரி பாசி. விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது.

முதலில் டைமர் போட்டு ஆறு மணி நேரமாக்குங்கள். மோசமான இலைகளை வெட்டி எறியுங்கள். மீதிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 10 லிட்டருக்கு 3 மில்லி கணக்கில் சிரிஞ்சில் எடுத்து, ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாசி மேலேயே விடுங்கள். பாசி சிவந்தால் செத்துக்கொண்டிருக்கிறது. வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுவதும், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவதும் தொடரட்டும். குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும்.

வேளச்சேரி: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் ஒரு அடிக்கு வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா தம்பி? பாவமாக இருக்கிறது.

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். அது தென் அமெரிக்க மீன், நம் ஏரிகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. முள்ளும் கவசமுமாக இருப்பதால் வலையைக் கிழிக்கும், நம் மீன்களின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கொளத்தூர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள், திரும்ப எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தொட்டியில் வெட்டுகிற செடித் தண்டுகளையும் கால்வாயில் போடாதீர்கள், ஒரு துண்டு போதும் முளைக்க. மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.