குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா? செட்டிநாட்டுக் கேள்விகளும் என் பதில்களும்

அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் 28 வருடம் தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததுதான் என் வேலை. ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகும், வாசலில் யாராவது ஒருவர் பாட்டிலோடு வந்து நிற்காத வாரம் கிடையாது. போன வாரம், குடிநீரைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

பேரூராட்சிக் குழாய் வைத்திருக்கும் ஒருவர்: அண்ணே, காலையில குழாயைத் திறந்தா முதல்ல கலங்கலா, சாக்கடை வாடையோட வருது. அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சுடுது. அதுக்கப்புறம்தான் பிடிக்கிறோம். அது போதும்ல?

போதாது தம்பி. தெளிந்தது நிறம் மட்டும்தான்.

நம் பக்கத்து ஊர்களில் குழாய்க்குள் எந்நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஓடும்போது அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளும். குழாயில் ஓட்டை இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். நிறுத்தியதும் மேட்டுத் தெருக் குழாயில் இருப்பது பள்ளத்துக்கு இறங்கிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பதை உறிஞ்சும். வெளியில் சாக்கடை இருந்தால் சாக்கடைதான் உள்ளே வரும். மறுநாள் காலையில் நீங்கள் பிடிக்கும் முதல் குடத்தில் இருப்பது அதுதான்.

வேலையில் இருந்தபோது ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்களுக்கு வயிற்றுப்போக்கு. மேல்நிலைத் தொட்டியில் எடுத்த மாதிரி சுத்தம், தெருமுனைக் குழாயும் சுத்தம். வீட்டுக்கு வீடு எடுத்ததில்தான் கெட்டது தெரிந்தது. சாக்கடையை வழித்து விட்டுப் பார்த்தோம். முக்கால் அங்குல இரும்புக் குழாய் ஒன்று, கறுப்புச் சேற்றுக்குள் குறுக்கே போகிறது. துரு தின்று தாள் மாதிரி ஆகிவிட்டது. கட்டை விரல் நகத்தால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அதற்குப் பக்கத்திலேயே, யாரோ எப்போதோ கசிவை நிறுத்த சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஓடும்போது அந்த ரப்பர் கசிவைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு அது எதையும் தடுக்கவில்லை.

உங்கள் வீட்டு இணைப்பு சாக்கடையைக் கடக்கும் இடத்தை முதலில் பாருங்கள். பழைய இரும்பாக இருந்தால் மாற்றுங்கள். சாக்கடை மட்டத்துக்கு மேலே தூக்கி, கடக்கிற இடத்தில் ஒரு பெரிய குழாய்க்குள் நுழைத்துப் போடச் சொல்லுங்கள். வாடை வந்த தேதி, நேரம் எழுதி பேரூராட்சியில் மனு கொடுங்கள். சரியாகும் வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். சூடு ஏறினால் போதாது, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுக்கிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் மோட்டார் உறிஞ்சும்போது பக்கத்து வீட்டு ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே ஏறுகிறது. அது நம் தெருப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. தரைத்தொட்டி கட்டி, தானாக விழும் தண்ணீரை அதில் பிடித்து, அதிலிருந்து மேலே ஏற்றுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: தண்ணியில மருந்து வாடை தாங்க முடியலை. உடம்புக்குக் கெடுதலா அப்பு?

கெடுதல் இல்லை ஆச்சி. அந்த லேசான குளோரின் வாடை வந்தால் நான் நிம்மதியாகக் குடிப்பேன். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. வழியில் ஏதாவது அழுக்குச் சேர்ந்தால் அதைக் கொல்ல அது காவலுக்கு இருக்கிறது. வழக்கமாக வாடை வரும் குழாயில் திடீரென்று இல்லாமல் போனால்தான் கவனிக்க வேண்டும். மருந்து போட மறந்திருக்கலாம், அல்லது வழியில் சேர்ந்த அழுக்கு அதைத் தின்று தீர்த்திருக்கலாம். வாடை பிடிக்காவிட்டால், குடத்தில் பிடித்து வெள்ளைத் துணி கட்டிச் சில மணி நேரம் வையுங்கள், போய்விடும். அப்புறம் கையை விட்டு மொள்ளாதீர்கள்.

காரைக்குடி: சார், சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் எங்க குழாய்த் தண்ணியில ரெண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். ரெண்டு நிமிஷத்துல காப்பி டிகாக்ஷன் மாதிரி ஆயிடுச்சு. அவர் மெஷின் தண்ணி அப்படியே இருந்துச்சு. டி.டி.எஸ். 380 காட்டுச்சு. பயமா இருக்கு.

பயப்படாதீர்கள். அந்தக் கறுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, அவர் கம்பியிலிருந்து வந்தது. ஒரு கம்பி இரும்பு. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அப்போது இரும்பு கரைந்து துருவாகத் திரண்டு மிதக்கும். அவர் மெஷின் ஆர்.ஓ., அதாவது உப்பை வடித்தெடுக்கும் கருவி. அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் ஓடாது, கம்பி கரையாது. வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீரில் விட்டாலும் இதே நிறம்தான் வரும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊரிலேயே இந்த வித்தையைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்துகிறார்களே என்று எனக்கு வருத்தம்.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்தம், அவ்வளவுதான். இந்தியத் தரக் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். உங்களுக்கு 380. ஆர்.ஓ. தேவையே இல்லை. ஒரு குடம் தர மூன்று குடம் வரை சாக்கடையில் விடும் கருவி அது. சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிப்பு என்று பேர் வாங்கிய ஊரில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. 150 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம், 900 காட்டுவதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கிருமிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்து தடவிய சிறு குப்பியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்களிடம் இருக்கும் பெட்டியிலும் இது உண்டு. ஒருமுறை கண்ணாடி மாதிரித் தெளிந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றி என் பேத்தியின் படிப்பு மேஜையில் வைத்தேன். மறுநாள் விடிகாலை அவள்தான் எழுப்பினாள்: "அய்யா, தண்ணி மை மாதிரி ஆயிருச்சு." ஒன்று இரண்டு நாளுக்குள் கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

புதுவயல்: போர் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது, பாத்திரத்துல வெள்ளையாப் படியுது. கிட்னியில கல் வருமா?

இது கடினத் தன்மை. கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் இருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுகிவிடும், அதனால்தான் வேகவில்லை. பருப்புக்கு மட்டும் மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுங்கள், குழைந்துவிடும். கல்லுக்குப் பெரும்பாலும் காரணம் போதுமான அளவு தண்ணீர் குடிக்காதது. சித்திரை வெயிலில் வயலுக்குப் போகிறவர்கள் தண்ணீருக்குப் பயந்து குறைவாகக் குடித்தால்தான் ஆபத்து.

பள்ளத்தூர்: போர் தண்ணி எடுக்கும்போது தெளிவா இருக்கு, வாளியில வெச்சா சிவக்குது.

இரும்பு. நம்முடையது செம்புராங்கல் பூமி, அதனால் பல இடங்களில் இப்படி இருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகத் திரள்கிறது. உயரத்திலிருந்து கொட்டவிட்டு, ஓர் இரவு தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி நின்றுவிடும். வெள்ளை வேட்டிக்குத்தான் முதல் நஷ்டம்.

மூன்று மாதக் குழந்தையின் தாய்: எங்க போருக்கும் செப்டிக் டேங்குக்கும் இருபது அடிதான் இருக்கும். நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் பால் பவுடர் கரைக்கிறேன். சரிதானே சார்?

அம்மா, இதைத் தள்ளிப்போடாமல் இன்றே மாற்றிவிடுங்கள். அந்த போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவுத் தொட்டியிலிருந்து கிருமி மட்டும் வருவதில்லை, நைட்ரேட்டும் வரும். அது கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அடர்த்தி கூடத்தான் செய்யும். நைட்ரேட் அதிகமானால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படி எப்போதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதில் தளர்வே கிடையாது.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி என்பார்கள். செம்புராங்கல்லில் துளைகள் அதிகம், கழிவுநீர் எளிதாக நகரும். அதனால் நான் 50 அடியையும் போதும் என்று சொல்ல மாட்டேன். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் ஆறு மாதம் வரை வெறும் தண்ணீர்கூட வேண்டாம், கோடையிலும். பவுடர்தான் என்றால், சோதித்து நைட்ரேட் குறைவு என்று தெரிந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரையுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். உப்புச் சோதனை, கிருமிச் சோதனை இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். மேற்கே பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் ஃபுளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை விழும், அதுவும் கொதித்தால் போகாது. கிருமிக்கு அவர்கள் தரும் பாட்டிலைக் கழுவக் கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கண்டனூர்: எங்க அய்யா காலத்துல ஊருணித் தண்ணியைத்தான் குடிச்சாங்க. ஒண்ணும் ஆகலையே?

ஆகியிருக்கிறது. காலராவும் நரம்புச் சிலந்தியும் இருந்த காலம் அது. காலில் கொப்புளம் வெடித்து முழநீளப் புழு வெளியே வந்த கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குளத்திலும் படிக்கிணற்றிலும் இருக்கும் நுண்ணிய தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வரும் நோய் அது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000-ல்தான் சான்று கிடைத்தது.

ஆனால் அவர்கள் ஊருணியை வைத்திருந்த விதத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதும் உண்மை. குடிக்கிற ஊருணியில் மாடு இறங்காது, யாரும் குளிக்க மாட்டார்கள். மழைக்கு முன் வரத்துக்காலைச் செதுக்கி விடுவார்கள். மொண்ட தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டுவார்கள். நரம்புச் சிலந்தியைச் சுமக்கும் பூச்சி அந்தத் துணியில் நின்றுவிடும், அதற்கு அதுவே சரியான மருந்து. பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைப்பார்கள், கலங்கல் அடியில் படியும். கிருமி மட்டும் சாகாது. வளவு வாசலில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழும் மழையை அண்டாவில் பிடித்ததும் அப்படித்தான். முதல் மழையை விட்டுவிட்டு, ஓடு கழுவின பிறகு துணி கட்டிப் பிடித்தார்கள். இன்றும் பிடியுங்கள், காய்ச்சிக் குடியுங்கள்.

சென்னையில் இருக்கும் ஒருவர்: கானாடுகாத்தான் பக்கம் எங்க வீடு. வருஷத்துல பத்து மாசம் பூட்டித்தான் கிடக்கும். அடுத்த மாசம் முன்னோருக்குப் படைப்பு, அறுபது பேர் வர்றோம். மேல்தொட்டித் தண்ணியும் கிணறும் எப்படிச் சுத்தம் பண்றது?

ஒரு வாரம் முன்னாடி ஓர் ஆளை அனுப்புங்கள். தேங்கிக் கிடந்த தொட்டியைக் காலி செய்து, அடிச்சேற்றை வழித்துத் தேய்த்துக் கழுவட்டும். பிறகு தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள். ஓர் இரவு கழித்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். கழிவறை ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்று சேரவே கூடாது, விஷவாயு வரும். வேலைக்கு வருகிறவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கிணற்றுக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும், அளவு மீட்டரில் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9400 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர், ஆக 24 கிராம் போதும். ராத்திரி போட்டு, வாளியை விட்டுக் கலக்கி, காலையில் இறையுங்கள். டப்பா புதிதாக இருக்கட்டும், பழசில் வீரியம் இருக்காது.

பரணில் இருக்கும் செம்புப் பாத்திரத்தை இறக்கினால் நல்லதுதான். 16 மணி நேரம் செம்பில் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஈயம் பூசியிருந்தால் அந்தப் பலன் கிடைக்காது, செம்பு தண்ணீரில் படவே படாதே.

ஒன்றை மட்டும் மறவாமல் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிவிட்டு, பானகத்துக்கும் நீர்மோருக்கும் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். விசேஷ வீட்டில் வயிறு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். முந்தின நாள் ராத்திரியே இரண்டு அண்டா காய்ச்சி, ஆறவைத்து, மூடி, பானகத்துக்கும் மோருக்கும் என்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.