இரண்டாம் உலகப் போர் எங்கே திரும்பியது? என் பதில்: 1941 டிசம்பரின் ஒரு வாரம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் முக்கியத் திருப்புமுனைகள் எவை? அவை ஏன் முக்கியம்?

இந்தக் கேள்விக்கு ஸ்டாலின்கிராட், மிட்வே, எல் அலமைன், நார்மண்டி என்று ஒரு பட்டியல் வரும். எழுதுகிற ஆள் மாறினாலும் பட்டியல் பெரும்பாலும் மாறாது. அவை எல்லாம் பெரிய சண்டைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் 1941 டிசம்பர் 5 முதல் 11 வரையிலான ஒரே ஒரு வாரத்தைத்தான் முதலில் வைப்பேன். அந்த வாரத்துக்கு முன்னால் ஜெர்மனி இந்தப் போரில் வெல்வதற்கு ஒரு வழி இருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ சண்டைகளில் வென்றது, ஆனால் போரை வெல்லும் வழி அடைபட்டுப் போனது.

கொஞ்சம் பின்னால் இருந்து வருகிறேன். 1941 ஜூன் 22 அன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைத் தாண்டினார்கள். சோவியத் ராணுவமான செம்படையை எல்லைக்குப் பக்கத்திலேயே வளைத்து அழித்துவிட்டால், குளிர்காலத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்பது ஹிட்லரின் கணக்கு. முதல் சில வாரங்கள் அப்படித்தான் தெரிந்தது. ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தில் போர்த் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹால்டர், ஜூலை 3 அன்றே தன் நாட்குறிப்பில், இரண்டு வாரத்தில் இந்தப் போர் வெல்லப்பட்டுவிட்டது என்று சொல்வது மிகையாகாது என்கிற மாதிரி எழுதி வைத்தார். அதே மனிதர் ஆகஸ்ட் 11 அன்று எழுதுவதைப் பாருங்கள்: எதிரியிடம் 200 டிவிஷன்கள் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) இருக்கும் என்று நினைத்தோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம், ஒரு டஜனை நொறுக்கினால் அடுத்த டஜனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனக்கு இந்த இரண்டு பதிவுகளும் எந்தச் சண்டை விவரிப்பையும்விட அதிகம் சொல்கின்றன.

செப்டம்பரில் கீவ் அருகே மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் சிக்கினார்கள். அக்டோபரில் மாஸ்கோவை நோக்கிய பாதையில் இன்னும் லட்சக்கணக்கானோர். அரசு அலுவலகங்களை குயிபிஷெவ் நகரத்துக்கு மாற்றினார்கள், மாஸ்கோவில் ஒரு கட்டத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஸ்டாலின் நகரத்திலேயே இருந்தார். நவம்பர் 7 அன்று செஞ்சதுக்கத்தில் அணிவகுத்த படைகள் சில அங்கிருந்து நேராகப் போர்முனைக்கு நடந்தன.

"ரஷ்யக் குளிர்தான் ஹிட்லரைத் தோற்கடித்தது" என்று ஒரு வசனம் உண்டு. பாதி உண்மை. குளிர் இரண்டு பக்கத்துக்கும்தான் அடித்தது. ஜெர்மானியர்களிடம் கம்பளிக் கோட்டுகள் இல்லாமல் இல்லை, அவை போலந்துக் கிடங்குகளில் கிடந்தன. ஏன் வரவில்லை? ரயில் வரவில்லை. சோவியத் இருப்புப்பாதை ஐரோப்பியப் பாதையைவிட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலம் அதிகம். ஜெர்மன் ரயில் அதில் ஓடாது. பின்வாங்கிய சோவியத்துகள் இன்ஜின்களையும் பெட்டிகளையும் முடிந்தவரை கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதையை மாற்றி மாற்றிப் போட்டு, வந்த சில ரயில்களில் எரிபொருள் ஏற்றுவதா, குண்டு ஏற்றுவதா, கோட்டு ஏற்றுவதா என்று திண்டாடியதில் கோட்டு கடைசியாகிவிட்டது. டாங்குகள் படமெடுக்க அழகாக இருக்கும். அந்தப் படையின் பின்னால் போனவை ஏறக்குறைய 6 லட்சம் குதிரைகள். நவம்பர் கடைசிக்குள் ஜெர்மன் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்ந்து 7 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு மாற்று ஆள் இல்லை.

டிசம்பர் 5 அன்று செம்படை திருப்பி அடித்தது. கிழக்கே இருந்து வந்த சைபீரியப் படைகளும் அதில் இருந்தன. ஜப்பான் தெற்கே திரும்பப் போகிறது, சோவியத்தைத் தாக்காது என்று டோக்கியோவில் இருந்து ரிச்சர்டு ஸோர்கே என்ற உளவாளி அனுப்பிய தகவல் இந்தப் படை நகர்த்தலுக்கு உதவியது என்பார்கள். அதை ஒற்றைக் காரணமாக ஊதிப் பெருக்க வேண்டாம். படைகளைக் கொண்டுவருவது முன்பே தொடங்கியிருந்தது. எப்படியோ, ஜனவரிக்குள் ஜெர்மானியர்கள் பல இடங்களில் 100 கிலோமீட்டருக்கு மேல் பின்னால் தள்ளப்பட்டார்கள். குறுகிய போர் என்ற திட்டம் செத்துப்போனது. நீண்ட போர் என்றால் எண்ணெய், எஃகு, ஆள்பலம் என்ற கணக்கு. 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை சோவியத்துகள் கழற்றி ஊரல் மலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

மாஸ்கோவுக்கு வெளியே இது நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 7 அன்று ஜப்பான் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கப்பற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. சீனாவில் போரிட்டுக்கொண்டே பிரெஞ்சு இந்தோசீனாவிலும் இறங்கிய ஜப்பானுக்கு அமெரிக்கா அந்தக் கோடையில் எண்ணெயை நிறுத்திவிட்டது. ஒன்று சீனாவை விட்டு வெளியேற வேண்டும், அல்லது டச்சுக்காரர்களிடம் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். குறுக்கே வரக்கூடிய அமெரிக்கக் கப்பற்படையை முடக்குவதற்காக பேர்ல் ஹார்பர். 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஆனால் விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை. கரையில் வரிசையாக நின்ற எண்ணெய்த் தொட்டிகளை யாரும் தொடவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். டிசம்பர் 8 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது ஜப்பான் மீது மட்டும்தான். ஜெர்மனி மீது அல்ல. 1940-ல் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தப்படி ஜப்பான் தாக்கப்பட்டால்தான் ஜெர்மனி துணைக்கு வர வேண்டும். இங்கே தாக்கியதே ஜப்பான். ஹிட்லர் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிலைமை தர்மசங்கடம். அமெரிக்க மக்களின் கோபம் முழுக்க ஜப்பான் மேல் இருக்கும்போது, ஐரோப்பாவுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அந்தச் சங்கடத்தை ஹிட்லரே தீர்த்துவைத்தார். டிசம்பர் 11 அன்று தானாக முன்வந்து அமெரிக்கா மீது போர் அறிவித்தார். அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கப்பல்கள் ஏற்கெனவே பிரிட்டனுக்குத் துணையாகச் சுடத் தொடங்கிவிட்டன, எப்படியும் போர் வரும், ஜப்பான் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும்போதே தொடங்கிவிடலாம் என்பது அவர் தரப்பு நியாயம். முழு முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்திலேயே பெரிய தொழில் நாட்டை, மாஸ்கோ வாசலில் தன் படை உதைபட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில் எதிரியாக்கிக்கொண்டார். அமெரிக்க உதவி சோவியத்துக்கு அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது என்றாலும், பிறகு வந்த அளவு வேறு. போர் முடிவதற்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் செம்படை அவ்வளவு வேகமாக மேற்கே ஓடியது அந்தச் சக்கரங்களில்தான்.

சரி, மிட்வே. நமக்கு அது எங்கோ பசிபிக்கில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் நடந்த சண்டை. ஆனால் அங்கே போன ஜப்பானியக் கப்பல்களை நம் பக்கத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பைக் குண்டு வீசித் தாக்கியது ஜப்பானியத் தளபதி நகுமோவின் அதே படைதான். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை, அன்றே மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இடையில் இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவு விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியது. அடுத்தது சென்னைதான் என்று பயந்து நகரமே காலியானது, மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். கொழும்புக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் இரண்டு மே மாதம் பவளக் கடல் சண்டையில் சிக்கி, ஒன்று அடிபட்டது, இன்னொன்று விமானங்களை இழந்தது. அதனால் அவை மிட்வேக்குப் போகவில்லை. மீதி மூன்றும், அகாகி, சோர்யு, ஹிர்யு, போயின. கூடவே காகா.

நான்கும் திரும்பி வரவில்லை. அமெரிக்கர்கள் ஜப்பானியக் கடற்படையின் ரகசியக் குறியீட்டில் ஒரு பகுதியை உடைத்திருந்தார்கள். எதிரி தாக்கப்போவதாகக் குறிப்பிடும் இடம் மிட்வேதானா என்று உறுதி செய்ய, தீவில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி பழுது என்று வேண்டுமென்றே ஒரு செய்தி விட்டார்கள். ஜப்பானியர்கள் அதை அப்படியே தங்கள் ரகசியச் செய்தியில் திருப்பிச் சொல்ல, பதில் கிடைத்துவிட்டது. ஜூன் 4 காலையில் தாழப் பறந்து வந்த அமெரிக்க டார்பிடோ விமானங்கள் கொத்துக் கொத்தாக வீழ்ந்தன. ஒரு படைப்பிரிவில் 15 விமானங்களும் போய், ஒரே ஒரு ஆள் பிழைத்தார். ஆனால் அவர்களைத் துரத்தி ஜப்பானியச் சண்டை விமானங்கள் கீழே இறங்கியிருந்த நேரத்தில் மேலிருந்து குண்டு விமானங்கள் பாய்ந்தன. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் எரிந்தன, ஹிர்யு பிற்பகலில். ஜப்பான் இழந்த கப்பல்களை மீண்டும் கட்ட ஆண்டுகள் ஆகும். அமெரிக்கக் கப்பல்தளங்களில் 1943 முதல் புதிய விமானந்தாங்கிகள் வரிசையாக இறங்கின.

ஸ்டாலின்கிராடைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1942 கோடையில் ஹிட்லர் தேடிப் போனது அந்த நகரத்தை அல்ல, காக்கசஸ் எண்ணெயை. அங்கே மாய்கோப் எண்ணெய் வயலைப் பிடித்தார்கள், கிணறுகள் நாசமாக்கப்பட்டிருந்தன. பெரிய எண்ணெய் நகரமான பாகுவை எட்டவே இல்லை. பக்கவாட்டுக் காவலாகத் தொடங்கிய ஒரு நகரச் சண்டை, இரு தலைவர்களின் வீம்பினால் மொத்தப் படையையும் விழுங்கியது. நவம்பர் 19 அன்று செம்படை மோதியது நகரத்துக்குள் இருந்த ஜெர்மானியர்களை அல்ல, இருபுறமும் தளவாடம் போதாமல் நின்ற ருமேனியப் படைகளை. நான்கு நாளில் வளையம் மூடியது. உள்ளே சிக்கியவர்களுக்கு விமானம் மூலமே சாப்பாடும் குண்டும் போடுகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். தினம் குறைந்தது 300 டன் தேவை, சராசரியாக அதில் பாதிகூட வரவில்லை. பிப்ரவரி 2-க்குள் எல்லாம் முடிந்தபோது சுமார் 91,000 பேர் கைதானார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் 6,000 பேருக்கு மேல் இல்லை. மாஸ்கோவில் அடைபட்ட வழி, இங்கே ஜெர்மன் மக்களுக்கே தெரிய வந்தது என்பதுதான் என் கருத்து.

பட்டியல்களில் அநியாயமாக விடுபடுவது அட்லாண்டிக், அதாவது அமெரிக்காவில் இருந்து பிரிட்டனுக்குப் போன கப்பல்களைத் தாக்கிய ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு நடந்த சண்டை. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி சுமார் 40 நீர்மூழ்கிகளை இழந்தது. ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் மிச்சத்தை வடக்கு அட்லாண்டிக்கில் இருந்து விலக்கிக்கொண்டார். நாள், இடம் சொல்லும்படி ஒரு பெரிய சண்டை இல்லாததால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அந்தக் கடல் வழி திறக்காமல் நார்மண்டியே கிடையாது.

நார்மண்டி பற்றிச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் அந்தக் கடற்கரையில் அமெரிக்க, பிரிட்டன் தரப்பு வீரர்கள் சுமார் 1,56,000 பேர் இறங்கியது பிரமிப்பான காரியம்தான். ஆனால் அதே மாதக் கடைசியில் பெலாரூஸில் செம்படை தொடங்கிய பக்ராத்தியான் என்ற தாக்குதலில் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியே சிதறிப்போனது. ஜூலை 17 அன்று 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திக் காட்டினார்கள். அந்தத் தாக்குதலின் பெயரைக் கேள்விப்படாமலேயே இந்தப் போரைப் பற்றி நிறையப் படித்துவிட முடிகிறது என்பதுதான் வேடிக்கை. நார்மண்டி தீர்மானித்தது போருக்குப் பின் மேற்கு ஐரோப்பா யார் கையில் இருக்கும் என்பதை. ஜெர்மனி தோற்குமா என்பது அப்போது கேள்வியாகவே இல்லை.

"அணுகுண்டு திருப்புமுனை இல்லையா?" என்று கேட்பீர்கள். என் கணக்கில் இல்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பானின் வணிகக் கப்பல்களில் பெரும்பகுதி கடலடியில் கிடந்தன, எண்ணெய் வரத்து நின்றுவிட்டது, நகரங்கள் பல எரிந்துவிட்டன. போர் எப்போது முடியும், எப்படி முடியும் என்பதுதான் மிச்சம். அதை முடித்தது ஹிரோஷிமாவா, நாகசாகி மீது குண்டு விழுந்த அதே ஆகஸ்ட் 9 அன்று மஞ்சூரியாவுக்குள் நுழைந்த சோவியத் படையா என்று ஆய்வாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், எழுதுகிறேன்.