இரத்த நாளத்தில் கதீட்டர் (மெல்லிய குழாய்) செலுத்துவதற்குக் கட்டணக் கோடு (code, எண் குறியீடு) போடுவது எப்படி?

கேள்வி இது: தொடைத் தமனி வழியே நுழைந்து, சீலியாக் (மகாதமனியிலிருந்து பிரியும் வயிற்றுத் தமனி), பொதுக் கல்லீரல் தமனி, வலது கல்லீரல் தமனி என்று கதீட்டர் போனால், அமெரிக்காவின் சிபிடி (CPT, மருத்துவச் சேவைகளுக்கான கட்டணக் கோடுகள்) முறையில் மூன்று கோடுகள் போடலாமா?

கூடாது. ஒன்றுதான்: 36247. கதீட்டர் கடந்து போன கிளைகள் எல்லாம் கடைசி இடத்துக்கான கோடிலேயே அடங்கிவிடும். மகாதமனியிலிருந்து நேராகப் பிரிவது முதல் நிலை (36245), அதன் கிளை இரண்டாம் நிலை (36246), மூன்றாம் நிலையும் அதற்கு அப்பாலும் 36247. வயிறு, இடுப்பு, கால் தமனிகளுக்குத்தான் இந்த வரிசை. மார்பு, கை பக்கம் 36215 முதல் 36218 வரை.

மகாதமனியின் ஒரு கிளையும் அதிலிருந்து பிரிபவையும் சேர்ந்து ஒரு குடும்பம். அதே சீலியாக் குடும்பத்தில் இடது இரைப்பைத் தமனிக்கும் போனால் கூடுதலாக 36248. குடலுக்குப் போகும் மேல் மீசென்டெரிக் தமனி வேறு குடும்பம். அதற்குத் தனியாக 36245.

சிக்கல் பெரும்பாலும் அறிக்கையில்தான். சிலருக்கு வலது கல்லீரல் தமனி மேல் மீசென்டெரிக்கிலிருந்தே கிளம்பும். அப்போது அது இரண்டாம் நிலை, கோடு 36246. 'கல்லீரல் தமனியில் கதீட்டர் வைக்கப்பட்டது' என்று மட்டும் மருத்துவர் எழுதினால், கோடர் (கோடு போடுபவர்) என்ன ஜோசியமா பார்ப்பார்? ஊகிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். துளையிட்ட இடம், கடந்த கிளைகள், கதீட்டர் முனை நின்ற இடம், உடற்கூறு மாறுபாடு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

ஆஞ்சியோகிராம் (நாளங்களைக் காட்டும் எக்ஸ்ரே) படத்துக்கான கோடு பொதுவாகத் தனி. ஆனால் சிறுநீரகத் தமனிக்கான 36251–36254 கோடுகளில் படமும் சேர்ந்தே வருகிறது. படத்துக்கு மறுபடி கோடு போட்டால் இரட்டைக் கட்டணமாகிவிடும்.