வயதான குத்துச்சண்டைச் சாம்பியன் ஏன் வேகமாகச் சரிகிறார்?

சரிவு என்றால், வரும் குத்து கண்ணுக்குத் தெரிந்தும் தலை விலகப் பிந்துவது. வயது ஏற ஏற மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேர நேரமாகிறது. அதனால் கூடுதலாக அடி விழுகிறது. விழுந்த அடி ஆளை இன்னும் மந்தமாக்குகிறது.

பழைய காயங்களும் சும்மா இருப்பதில்லை. புருவத்தில் ஒருமுறை கிழிந்து தைத்த தோல், அடுத்த முறை லேசான குத்துக்கே பிளந்துவிடும். இரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் எதிராளியின் கை தெரியாது.

வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலில் பழைய ஓட்டோவில் போயிருப்பீர்கள். எஞ்சின் நன்றாகவே உறுமும். பிரேக் மட்டும் ஒரு கணம் பிந்திப் பிடிக்கும். முன்னால் நிற்கும் பஸ்ஸில் இடிக்க அந்தக் கணம் போதும்.

1980 இல் முகமது அலிக்கு 38 வயது. லாரி ஹோம்ஸிடம் 10 சுற்றுகள் அடி வாங்கினார். அப்புறம் அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்தினார். அதைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் கேட்பதில்லை.

வயதானால் குத்தின் பலம்தான் முதலில் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வேகம்தான் முதலில் போகும்: 1994 இல் 45 வயது ஜோர்ஜ் ஃபோர்மன் 9 சுற்றுகள் அடி வாங்கியபடி நின்று, 10ஆவதில் வலக்கைக் குத்தால் மைக்கேல் மூரரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார்.