லிஸ்டுக்கு உறை போடுவது எப்படி? டெக்கரேட்டர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பெண் லிஸ்டில் 0 முதல் 100 வரையுள்ள எண்கள் மட்டுமே நுழைய வேண்டும். ஜாவாவில் வழக்கமான லிஸ்ட் கிளாஸான அர்ரேலிஸ்டை இன்ஹெரிட் செய்து (அதன் மேல் நம் கிளாஸைக் கட்டி) 'ஆட்' மெத்தடை மட்டும் மாற்றி எழுதினால் போதாதா? டெக்கரேட்டர் என்ற உறை எதற்கு?

பதில்: போதாது. 'ஆட்' வழியாக 105 வந்தால் உங்கள் கோட் தடுக்கும். ஆனால் 'ஆட்ஆல்' மூலம் பத்து எண்களை மொத்தமாகக் கொடுத்தால், அர்ரேலிஸ்ட் உங்கள் 'ஆட்' பக்கமே வராது. உள்ளே இருக்கும் அர்ரேவுக்கு நேராக நகலெடுத்துவிடும், 105-ம் சேர்ந்து போய் உட்கார்ந்துவிடும். சரி, இரண்டிலும் சோதனையை எழுதிவிடலாம் என்று ஒரே மதிப்பை இருமுறை வைக்காத ஹாஷ்செட்டுக்குப் போனால் அங்கே நிலைமை வேறு. அதன் 'ஆட்ஆல்' ஒவ்வொரு எண்ணுக்கும் 'ஆட்'டைக் கூப்பிடுகிறது, அதனால் ஒரே எண்ணை இரண்டு முறை சோதிப்பீர்கள். இன்ஹெரிட் செய்தால் மேல் கிளாஸுக்குள் எது எதைக் கூப்பிடுகிறது என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் அது மாறினால் உங்கள் கோட் உடையும்.

டெக்கரேட்டரில் உங்கள் கிளாஸ் லிஸ்ட் இன்டர்ஃபேஸை (ஒரு லிஸ்டுக்கு இருக்க வேண்டிய மெத்தடுகளின் பட்டியலை) ஏற்றுக்கொள்கிறது, உண்மையான லிஸ்டைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பும் முதலில் உங்களிடம் வரும். சோதித்துவிட்டு உள்ளே அனுப்புவீர்கள். உள்ளே இருப்பது அர்ரேலிஸ்டா லிங்க்டுலிஸ்டா என்பது உங்கள் கோடுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: லிஸ்ட் இன்டர்ஃபேஸில் இருபதுக்கும் மேற்பட்ட மெத்தடுகள் இருக்கின்றன. அத்தனையையும் கையால் எழுதணுமா?

பதில்: வேண்டாம். ஜாவா பாதி எழுதித் தந்திருக்கும் லிஸ்ட் கிளாஸான அப்ஸ்ட்ராக்ட்லிஸ்டை அடித்தளமாக எடுத்துக்கொண்டு ஐந்தே மெத்தடுகளை உள் லிஸ்டுக்கு அனுப்புங்கள்: 'கெட்', 'சைஸ்', 'செட்', இடம் சொல்லிச் சேர்க்கும் 'ஆட்', இடம் சொல்லி நீக்கும் 'ரிமூவ்'. 'ஆட்ஆல்', லிஸ்டை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் இட்டரேட்டர், லிஸ்டின் ஒரு பகுதியைக் காட்டும் சப்லிஸ்ட் எல்லாம் கடைசியில் இந்த ஐந்தில்தான் வந்து முடியும். அர்ரேலிஸ்டை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை நம்பச் சொல்கிறாரே என்று தோன்றலாம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே எது எதைக் கூப்பிடும் என்பதை ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அது நமக்குக் கொடுத்த வாக்கு. எனவே மதிப்பெண் சோதனையை 'செட்', 'ஆட்' ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் வைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'கிளியர்' இந்த வழியில் ஒவ்வொன்றாக முன்பக்கத்திலிருந்து நீக்கும். உள்ளே பெரிய அர்ரேலிஸ்ட் இருந்தால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் மிச்சமெல்லாம் ஒரு இடம் நகரும், மிகவும் மெதுவாகிவிடும். அதை மட்டும் நீங்களே நேராக உள் லிஸ்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பைத்தானில் இதே மாதிரி அடித்தளமான மியூட்டபிள்சீக்வென்ஸும் இதே ஐந்து மெத்தட் கணக்குதான். ஆனால் அங்கே ஒரு துண்டையே மொத்தமாக மாற்றி எழுத முடியும். அப்போது இடத்தின் எண்ணுக்குப் பதில் ஸ்லைஸ் ஆப்ஜெக்ட் வரும், மதிப்பும் ஒற்றை எண்ணாக இருக்காது. சோதனை அதையும் பார்க்க வேண்டும்.

காட்லின் மொழியில் 'பை' என்ற ஒரே சொல்லில் எல்லாம் உள்ளே போய்விடும். எனக்குப் பிடித்த வசதி, ஆனால் இங்கே ஆபத்தானது. 'ஆட்ஆல்' நேராக உள் லிஸ்டுக்குப் போகும், நீங்கள் மாற்றி எழுதிய 'ஆட்' அதன் கண்ணில் படவே படாது.

கேள்வி: எல்லா மெத்தடையும் கையால் எழுதி, எல்லாச் சேர்ப்பிலும் சோதனை வைத்தேன். இருந்தும் தப்பான எண் உள்ளே வருகிறது!

பதில்: உங்கள் 'லிஸ்ட்இட்டரேட்டர்' எதைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள். உள் லிஸ்டின் இட்டரேட்டரை அப்படியே தந்திருந்தால், அதன் 'செட்' வழியாக யாரும் எதையும் எழுதலாம். 'சப்லிஸ்ட்'டும் அதே ஓட்டைதான். சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் மேப்புக்கு உறை போட்டால் 'என்ட்ரிசெட்' தரும் ஒவ்வொரு என்ட்ரியிலும் 'செட்வேல்யூ' இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி உறை வேண்டும். இப்படி ஒரு பிழையைத் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் உறை எழுதியவுடன், உள்ளே எழுதக்கூடிய எதை இது வெளியே நீட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: மாற்ற விடாத 'அன்மாடிஃபையபிள்லிஸ்ட்' உறையில்தான் லிஸ்டைத் தந்தேன். பிறகு பார்த்தால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது.

பதில்: அந்த உறை தன் வழியாக மாற்றுவதை மட்டுமே தடுக்கும். மூல லிஸ்டைக் கையில் வைத்திருப்பவர் மாற்றினால் அது உறைக்குள்ளும் தெரியும், ஏனென்றால் நகல் எதுவும் எடுக்கவில்லை. மாறவே கூடாது என்றால் ஜாவா 10-இல் வந்த 'லிஸ்ட்.காப்பிஆஃப்' பயன்படுத்துங்கள். லிஸ்டில் நல் (வெற்று மதிப்பு) இருந்தால் அது ஏற்காது. உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளே மாறக்கூடியவை என்றால் இரண்டுமே உதவாது.

கேள்வி: பூட்டுப் போடும் 'சிங்க்ரனைஸ்டுலிஸ்ட்' உறை போட்டும் பல த்ரெட்டுகளில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில்) ஒரே பொருள் இரண்டு முறை சேருகிறது. ஏன்?

பதில்: அந்த உறை ஒவ்வொரு மெத்தடையும் தனித்தனியாகத்தான் பூட்டுகிறது. 'இருக்கிறதா' என்று கேட்பது ஒரு பூட்டு, 'சேர்' என்பது இன்னொன்று. நடுவில் வேறு த்ரெட் புகுந்துவிடும். இரண்டையும் நீங்களே ஒரு சிங்க்ரனைஸ்டு பிளாக்கில் வையுங்கள். பூட்டுப் போட வேண்டியது உறை ஆப்ஜெக்டின் மேல், உள் லிஸ்டின் மேல் அல்ல. லிஸ்டை லூப்பில் சுற்றும்போதும் இதே விதிதான்.

கேள்வி: சோதனை உறை, லாக் எழுதும் உறை, இரண்டும் போட்டால் எது வெளியே?

பதில்: லாக் என்றால் பதிவு எழுதுவது என்று எடுத்துக்கொள்கிறேன். பதிவு வெளியே இருந்தால் நிராகரிக்கப்பட்ட முயற்சிகளையும் குறித்து வைக்கலாம். உள்ளே இருந்தால் நுழைந்தவை மட்டும் பதிவாகும். த்ரெட் பூட்டும் சேர்ந்தால் அதை எல்லாவற்றுக்கும் வெளியே வையுங்கள்.

கேள்வி: பைத்தானில் ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு எழுதும் டெக்கரேட்டரும் இதுவும் ஒன்றா?

பதில்: பெயர்தான் ஒன்று. அது ஃபங்ஷனையோ கிளாஸையோ வரையறுக்கும் நேரத்திலேயே அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும் எழுத்துமுறை. நாம் பேசுவது, புரோகிராம் ஓடும்போது ஒரு ஆப்ஜெக்டை அதே இன்டர்ஃபேஸுள்ள இன்னொரு ஆப்ஜெக்டால் சுற்றுவது.

கேள்வி: அப்படியானால் என் மதிப்பெண் லிஸ்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில்: அதை லிஸ்டாகவே வேறு கோடுக்குக் கொடுக்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் மேல் உறை எழுதுவேன். சேர்ப்பது, சராசரி பார்ப்பது, அதிகபட்சம் எடுப்பது இவ்வளவுதான் தேவை என்றால் லிஸ்ட் இன்டர்ஃபேஸையே தொடமாட்டேன். 'மதிப்பெண்கள்' என்று தனி கிளாஸ், உள்ளே ஒரு லிஸ்ட், வெளியே அந்த மூன்று மெத்தடுகள். காக்க வேண்டிய வாசல் அப்போது ஒன்றுதான்.